தேர்தலும் துணிதலும்: முடிவெடுத்தல் குறித்த ஆங்கிலச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் தமிழ்வழி அணுகுதல்

ஆய்வுச்சுருக்கம்

ஒன்றைத் தெரிவு செய்தல், முடிவெடுத்தல் ஆகிய செயல்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பல வினைச்சொற்களும் மரபுத்தொடர்களும் உள்ளன. தமிழ்வழிக் கல்வி பெற்ற மாணவர்கள் அவற்றைத் ‘தேர்வு’, ‘முடிவு’ என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிப் பொருள் கொள்வதால் பொருள்மயக்கம் நேர்கிறது. தமிழ் வினைகளான சீர்தூக்கு, தேர், துணி, தீர் ஆகியவற்றின் பொருள்வளர்ச்சி ஆங்கில வினைகளின் பொருள்வளர்ச்சியோடு ஒத்துச் செல்வதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வொப்புமையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் வழியையும் திண்டுக்கல் வட்டாரச் சூழலை முன்வைத்து எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தேர், துணி, தீர்மானம், மரபுத்தொடர், சொற்பொருளியல், ஆங்கிலம் கற்பித்தல்.

முன்னுரை

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலும் இருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் பலர் பள்ளிக்கல்வியைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். நேர்முகத் தேர்வில் ‘இப்பாடத்தை ஏன் தெரிவு செய்தீர்கள்?’ என்னும் வினா அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது. அதற்கு விடை கூற முற்படுகையில் ‘சூஸ்’, ‘செலக்ட்’, ‘டிசைட்’ ஆகியவற்றுள் எதனை ஆள்வது என்னும் தயக்கம் எழுகிறது. மூன்றுக்கும் அவர்கள் அறிந்த தமிழ்ப்பொருள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம். இது மொழியறிவுக் குறை மட்டுமன்று. தம் வாழ்க்கையைப் பற்றித் தாம் எடுத்த முடிவைத் தம் சொல்லால் விளக்க இயலாத நிலையுமாகும். ஆகவே இச்சிக்கலைச் சொற்பொருளியல் நோக்கில் அணுகுதல் தேவையாகிறது.

‘தேர்வு’, ‘முடிவு’: பொருட்பரப்பும் மயக்கமும்

இக்காலத் தமிழில் ‘தேர்வு’ என்பது பரீட்சையையும் தெரிவையும் ஒருங்கே குறிக்கிறது. ‘முடிவு’ என்னும் சொல்லின் பரப்பு இன்னும் விரிந்தது. கதையின் முடிவு இறுதியைக் குறிக்கும். ஆய்வின் முடிவு கண்டறிந்த கருத்தைக் குறிக்கும். தேர்தல் முடிவு விளைவைக் குறிக்கும். குடும்பத்தார் எடுத்த முடிவு தீர்மானத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இந்நான்கும் முறையே எண்ட், கன்க்ளூஷன், ரிசல்ட், டிசிஷன் எனத் தனித்தனிச் சொற்களைப் பெறுகின்றன.

தமிழில் இவ்வேறுபாட்டைப் பெயர்ச்சொல்லைக் காட்டிலும் அதனை அடுத்து வரும் துணைவினையே தெளிவாக்குகிறது. முடிவு செய்தல், முடிவுக்கு வருதல், முடிவு கட்டுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். முதலாவது தீர்மானித்தல்; இரண்டாவது ஆராய்ந்து ஒரு கருத்தை அடைதல்; மூன்றாவது ஒன்றை ஒழித்தல். மாணவர் பெயர்ச்சொல்லை மட்டும் பெயர்த்துத் துணைவினையைக் கைவிடும்போது மயக்கம் உண்டாகிறது.

வரலாற்று நிகழ்வொன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். 1972இல் தோன்றிய அ.தி.மு.க., 1973 மே மாதம் நடைபெற்ற திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் தன் முதல் தேர்தல் வெற்றியைப் பெற்றது. அக்கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். இந்நிகழ்வைத் தமிழில் கூறுகையில் வேட்பாளர் தேர்வு, சின்னத் தேர்வு, மக்கள் தேர்ந்தெடுத்தல் என ‘தேர்’ என்னும் ஒரே வேரே மீண்டும் மீண்டும் வரும். ஆங்கிலத்திலோ கட்சி வேட்பாளரைச் ‘செலக்ட்’ செய்கிறது; வேட்பாளர் சின்னத்தைச் ‘சூஸ்’ செய்கிறார்; வாக்காளர் உறுப்பினரை ‘எலக்ட்’ செய்கின்றனர். பலருள் ஒருவரைப் பிரித்தெடுத்தல், விருப்பப்படி ஒன்றைக் கொள்ளுதல், வாக்களித்துப் பதவியில் அமர்த்துதல் என்பன முறையே இம்மூன்றின் பொருள்நிலைகள். மாணவர் நன்கறிந்த ஊர்ச்செய்தி ஒன்றிலேயே இவ்வேறுபாடு வெளிப்படுவதால், அகராதிப் பட்டியலைவிட இது மனத்தில் எளிதில் பதியும்.

வினைகளின் பொருள்வளர்ச்சியில் ஒப்புமை

முடிவெடுத்தல் என்பது ஒரு நொடியில் நிகழ்வதன்று, படிநிலைகளை உடையது. அப்படிநிலைகளுக்குரிய சொற்கள் இருமொழிகளிலும் ஒத்த உருவகங்களிலிருந்து தோன்றியுள்ளன.

முதற்படி எடைபோடுதல். நன்மை தீமைகளை ஒப்பிடுவதை ஆங்கிலம் ‘வெய் அப்’ என்கிறது. எடை பார்த்தல் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் ‘சீர்தூக்குதல்’ என்பதும் துலாக்கோலின் செயலையே அடிப்படையாகக் கொண்டது.

இரண்டாம் படி தெரிவு. ‘சூஸ்’ என்னும் சொல்லின் மூலவேர் சுவைத்துப் பார்த்தல், சோதித்தல் என்னும் பொருளுடையது. சுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அவ்வேரினின்றே கிளைத்தது. தமிழில் ‘தேர்’ என்னும் வினையும் ஆராய்தல், சோதித்தல் என்னும் பொருளிலிருந்து தெரிந்தெடுத்தல் என்னும் பொருளுக்கு விரிந்தது. எனவே பரீட்சைக்கும் தெரிவுக்கும் ‘தேர்வு’ என்னும் ஒரே சொல் அமைந்தது தமிழின் குறைபாடன்று. சோதித்துப் பார்த்தே கொள்ளவேண்டும் என்னும் கருத்து அச்சொல்லுள் நிலைபெற்றுள்ளது. ‘தேர்தல்’ என்னும் சொல்லுக்கும் இதுவே அடிப்படை.

மூன்றாம் படி முடிவு. ‘டிசைட்’ என்பது வெட்டி விலக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வெட்டுதல், கொல்லுதல் என்னும் பொருளுடைய அதே வேரே திண்டுக்கல் சமவெளி உழவரும் அறிந்த ‘பெஸ்டிசைடு’ என்னும் சொல்லின் ஈற்றிலும் உள்ளது. தமிழில் இதற்கு இணையானது ‘துணி’ என்னும் வினை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அவ்வினைக்கு வெட்டுண்ணுதல், தெளிவாதல், உறுதிசெய்தல், துணிவு கொள்ளுதல் ஆகிய பொருள்களைத் தருகிறது. வேண்டாதவற்றை வெட்டி நீக்கி ஒன்றில் நிற்பதே துணிதல். இக்காலத்தில் ‘துணிவு’ அச்சமின்மை என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டதால், அதன் பழைய இடத்தை ‘முடிவு’ எடுத்துக்கொண்டது.

நான்காம் படி நிலைநிறுத்தல். ‘ரிசால்வ்’ என்னும் வினை சிக்கலை அவிழ்த்தலையும் உறுதி பூணுதலையும் குறிக்கும். தமிழில் ‘தீர்’ என்னும் வினையடியாகத் தீர்வு, தீர்ப்பு, தீர்மானம் என்பன அமைந்துள்ளன. வருமானம், கட்டுமானம் போன்றே தீர்மானமும் ‘மானம்’ என்னும் ஈறு பெற்றுள்ளது. குடியரசு நாள் முதலாக ஆண்டில் ஆறு நாள்கள் கூடும் கிராம சபையில் நிறைவேற்றப்படுவது ‘ரிசொல்யூஷன்’ என்னும் தீர்மானம். வீட்டில் ஒருவர் எடுப்பது ‘டிசிஷன்’ என்னும் முடிவு. ஊராட்சிப் பதிவேட்டை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் ஆவணத்தின் தன்மையே மாறிவிடும்.

இவ்வொப்புமைகள் இருமொழிகளுக்கும் பிறப்புறவு உண்டு என்பதற்குச் சான்றாகா. எடைபோடுதல், சோதித்தல், வெட்டுதல், அவிழ்த்தல் ஆகிய உடற்செயல்களைக் கொண்டு மனச்செயலை உணர்த்தும் பொதுவான மனித இயல்பையே அவை காட்டுகின்றன. மேலும், இப்படிநிலைச் சிந்தனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என 47 முதல் 52 வரையுள்ள அதிகாரங்கள் ஆராய்ந்து செயல்படுதலைத் தொடர்ச்சியாகப் பேசுகின்றன.

மரபுத்தொடர்கள்: ஒப்புமையும் வேற்றுமையும்

மரபுத்தொடர்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்விப்பதைவிட, முடிவெடுத்தலின் எந்நிலைக்கு அவை உரியன என வகுத்துக் கற்பித்தல் பயன்தரும்.

தயக்க நிலைக்கு உரியது ‘சிட் ஆன் தி ஃபென்ஸ்’. வேலிமேல் அமர்தல் என்பது இதன் நேர்ப்பொருள். இதற்கு ‘மதில்மேல் பூனை’ என்பதை இணையாகத் தருவது வழக்கம். ஆயினும் நுண்ணிய வேறுபாடு உண்டு. ஆங்கிலத் தொடர் எப்பக்கமும் சாராமல் வேண்டுமென்றே ஒதுங்கியிருப்பவரைக் குறை கூறுவது. தமிழ்த் தொடர் எப்பக்கம் பாயும் என்று பிறரால் கணிக்க இயலாத நிலையைச் சுட்டுவது. முன்னதில் அமர்ந்திருப்பவரின் நோக்கமும் பின்னதில் காண்பவரின் ஐயமும் முதன்மை பெறுகின்றன.

இக்கட்டு நிலைக்கு உரியது ‘பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் புளூ சீ’. பேய்க்கும் ஆழ்கடலுக்கும் இடையே நிற்றல் எனப் பொருள்படும் இதற்கு ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ முழுமையாகப் பொருந்துகிறது.

அவசரத்தை விலக்கும் தொடர் ‘ஸ்லீப் ஆன் இட்’. ஓர் இரவு கழித்து முடிவெடுத்தல் என்பது இதன் கருத்து. இதனை ‘ஆறப்போடுதல்’ எனப் பெயர்த்தால் காலவரையற்ற தாமதம் என்னும் பொருள் ஏறிவிடக்கூடும். ‘லுக் பிஃபோர் யூ லீப்’ என்பதற்கு ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது ஏற்ற இணையாகும்.

தெரிவே இல்லாத தெரிவைக் குறிப்பது ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் (இறப்பு 1631), வாயிலருகே நிற்கும் குதிரையைக் கொள்ளவேண்டும், இன்றேல் குதிரையே இல்லை என்ற முறையைப் பின்பற்றியதாக இத்தொடருக்கு விளக்கம் கூறுவர். இரு தீமைகளுக்கிடையே தவிப்பதற்கு இதனைப் பயன்படுத்துவது பிழை. தமிழில் நேரிணை இன்மையால் கதையோடு கற்பிப்பதே தக்கது.

‘மேக் அப் ஒன்ஸ் மைண்ட்’ என்பது ஒரு முடிவுக்கு வருதல். ‘செட்டில் ஆன்’ என்பது ஒன்றை முடிவு செய்தல். ‘செட்டில் ஃபார்’ என்பது விரும்பியது கிட்டாமல் குறைந்ததை ஏற்றல். ஒரு முன்னிடைச்சொல்லே பொருளை மாற்றுவதைத் தமிழ் வேற்றுமை உருபுகளின் செயலோடு ஒப்பிட்டுக் காட்டலாம். ‘முடிவைக் கொண்டுவந்தார்’, ‘முடிவுக்குக் கொண்டுவந்தார்’ ஆகிய தொடர்களில் உருபே பொருளை வேறுபடுத்துகிறது.

கற்பித்தல் பரிந்துரைகள்

1. ஆங்கில வினைகளைச் சீர்தூக்கு, தேர், துணி, தீர் என்னும் நான்கு படிகளில் பகுத்து அறிமுகப்படுத்தலாம்.

2. ‘முடிவு’ இடம்பெறும் தமிழ்த் தொடர்களைத் திரட்டி, துணைவினையை நோக்கி ஆங்கில இணையைக் காணும் பயிற்சி அளிக்கலாம்.

3. ‘போவதா வேண்டாமா’ என்னும் தமிழ் ஐயவினா அமைப்பை ‘வெதர்’ என்னும் இணைப்புச்சொல்லோடு இணைத்துக் கற்பிக்கலாம்.

4. தேர்தல் செய்தி, கிராம சபைத் தீர்மானம், கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம் ஆகிய உள்ளூர் எழுத்துகளைப் பயிற்சிப் பனுவல்களாகக் கொள்ளலாம்.

முடிவுரை

ஆங்கிலச் சொற்களின் நுண்பொருளைக் கற்கத் தமிழ் தடையாக இருப்பதில்லை. இக்காலத் தமிழின் இரு சொற்களோடு மட்டும் நின்றுவிடுவதே தடையாகிறது. தேர், துணி, தீர் ஆகிய வினைகளின் பொருள்வரலாற்றை மீட்டுக் கொணர்ந்தால், ‘சூஸ்’, ‘டிசைட்’, ‘ரிசால்வ்’ ஆகியவற்றின் வேறுபாடு மாணவருக்குத் தம் மொழியிலேயே விளங்கும். இதற்கு ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வகுப்பறைத் தேவையை முன்வைத்து இணைந்து செயலாற்றுதல் வேண்டும். தாம் ஏன் ஒரு பாடத்தைத் தேர்ந்தோம் என்பதை இருமொழியிலும் தெளிவாகக் கூறவல்ல மாணவரை உருவாக்குவதே அக்கூட்டு முயற்சியின் பயனாக அமையும்.