ரிப்போர்ட் வரலையா? ஸ்பாமில் தேடுங்க!

"ரிப்போர்ட் வரலைன்னா நல்ல சேதின்னுதானே அர்த்தம்?"

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தார். சர்க்கரை நோய்க்காரர். மூட்டு வலிக்கு அவ்வப்போது வலி மாத்திரையும் போட்டுக் கொள்வார். டாக்டர் சொன்னபடி சிறுநீரகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். "ரிசல்ட்டை ஈமெயில்ல அனுப்பிடறோம் சார்" என்றார்களாம். மூன்று வாரமாகியும் காணோம். 'ஒண்ணும் இருக்காது' என்று விட்டுவிட்டார்.

லீவுக்கு வந்த பேத்திதான் தாத்தாவின் ஜிமெயிலைக் குடைந்து பார்த்தாள். லாட்டரிப் பரிசு, உடனடிக் கடன், வழுக்கைக்கு மருந்து... இந்தக் குப்பைகளுக்கு நடுவே, 'ஸ்பாம்' என்கிற பெட்டியில், திறக்கப்படாமலே கிடந்தது ரிப்போர்ட். கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது! டாக்டர் முதல் வேலையாக வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று அவர் கேட்டபோது பெரியவரிடம் பதில் இல்லை.

இன்னும் பத்து நாள் போயிருந்தால் அந்த மெயிலே இருந்திருக்காது. ஸ்பாமில் விழுவதை ஜிமெயில் 30 நாட்களில் தானாகவே அழித்துவிடும்!

ஏன் இந்தக் குழப்பம்?

கேட்காமலே வந்து குவியும் மெயில்தான் ஸ்பாம். 1978-ல் அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் இதற்குப் பிள்ளையார் சுழி. இன்று இதைத் தடுக்க ஒவ்வொரு ஈமெயில் வாசலிலும் ஒரு காவல்காரர் மாதிரி ஏற்பாடு இருக்கிறது. அனுப்பியவர் முகவரி நிஜமா, வாசகம் எப்படி, முன்பு வாங்கியவர்கள் புகார் செய்தார்களா என்றெல்லாம் எடைபோட்டு உள்ளே விடும்.

லேப் ரிப்போர்ட்டை அனுப்புவது பெரும்பாலும் மனிதரல்ல, இயந்திரம். புது முகவரி, எல்லோருக்கும் ஒரே வாசகம், கூடவே ஒரு ஃபைல். காவல்காரருக்குச் சந்தேகம் வராதா என்ன? 'இவர் நம்ம ஆளு' என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃபில்டர்.

எப்படிச் செய்வது?

ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளுங்கள். செல்போன் ஆப்பில் ஃபில்டர் போட வசதி இல்லை.

1. மேலே உள்ள தேடும் கட்டத்தின் வலது ஓரத்தில் சின்னக் கோடுகள் போட்ட படம் இருக்கும். அதைத் தட்டுங்கள்.

2. 'ஃப்ரம்' என்ற இடத்தில் லேபின் முகவரியை எழுதுங்கள். ரசீதிலோ பழைய மெயிலிலோ அது இருக்கும்.

3. 'கிரியேட் ஃபில்டர்' என்பதைத் தட்டி, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கூடவே 'அப்ளை த லேபிள்' மூலம் 'மருத்துவம்' என்று பெயர் கொடுத்தால் வீட்டாரின் ரிப்போர்ட்டெல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

4. மறுபடி 'கிரியேட் ஃபில்டர்' தட்டினால் வேலை முடிந்தது.

ஏற்கெனவே ஸ்பாமில் மாட்டிக்கொண்டதைத் திறந்து, 'நாட் ஸ்பாம்' என்று சொல்லிவிடுங்கள். இதைச் செல்போனிலேயே செய்யலாம்.

உஷார்!

* 'மருந்து', 'கடன்' போன்ற சொல் வந்தாலே அழித்துவிடும்படி ஃபில்டர் போடாதீர்கள். மருந்துக்கடை பில்லும் பாங்க் கடிதமும் சேர்ந்தே போய்விடும்.

* முழு முகவரியைக் கொடுங்கள். வெறும் 'ஜிமெயில்.காம்' என்று கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்!

* ஃபில்டரைத் தாண்டி வந்துவிட்டது என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கேட்டால், அது லேப் பெயரிலேயே வந்தாலும் பதில் போடாதீர்கள்.

* தெரிந்த கடை விளம்பரம் தொல்லையா? 'அன்சப்ஸ்க்ரைப்' செய்யுங்கள். மோசடி மெயில் என்று தோன்றினால் உள்ளே எதையும் தட்டாமல் 'ரிப்போர்ட் ஸ்பாம்' செய்வதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. டெஸ்ட் கொடுத்த அன்றே "எப்போ ரிசல்ட் வரும்?" என்று கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அன்று வரவில்லையா? முதலில் ஸ்பாமைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் லேபுக்குப் போன் போடுங்கள். ரிப்போர்ட் வரவில்லை என்றால் 'நோய் இல்லை' என்று அர்த்தமல்ல. ரிப்போர்ட் வரவில்லை, அவ்வளவுதான்!