பாலைவனத்தில் விருந்தாளி

ஜோர்டான் நாட்டின் தென்கோடியில், அகபா துறைமுகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் தார்ச்சாலை முடிந்துவிடும். முடிகிற இடம் ரம் கிராமம். சிமென்ட் வீடுகள், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, தெருவெங்கும் பழைய டொயோட்டா பிக்-அப் வண்டிகள். கூடாரங்களையும் ஒட்டக வரிசையையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே சற்று ஏமாந்துதான் போகிறார்கள். இதற்கு அப்பால் மணல். பின்பக்கம் பெஞ்சு போட்ட அந்த வண்டிகளில் ஒன்றில் ஏறிக்கொண்டுதான் வாதி ரம் பாலைவனத்துக்குள் போக வேண்டும். வண்டியோட்டி, வழிகாட்டி, சமையல்காரர், விருந்தோம்புகிறவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் அந்த ஊர் பதூ (பெடோயின்), பாலைவன நாடோடி மரபில் வந்த அரபு.

ரம் கிராமத்தில் வசிப்பவர்கள் ஸலாபியா பிரிவினர். பக்கத்து ஊரான தீசியில் ஸுவைதா பிரிவினர். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு மழை பெய்த இடம் தேடி அலைந்தவர்கள் இவர்கள். இன்றும் சில குடும்பங்கள் மந்தையோடு மலையடிவாரங்களில் தங்குகின்றன. மற்றவர்களுக்குச் சுற்றுலாவே பிழைப்பு.

அதற்கு விதை போட்டது ஒரு சினிமா. 1917இல் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியின்போது டி.இ. லாரன்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து போனார். அவர் கதையை டேவிட் லீன் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) என்று படமாக்கியபோது இங்கே படப்பிடிப்பு நடந்தது. படத்தைப் பார்த்து மயங்கிய டோனி ஹோவர்ட் என்ற ஆங்கிலேய மலையேறி 1984இல் இங்கே வந்து சேர்ந்தார். யாரும் ஏறாத பாறைகள் என்று அவரைப் போன்றவர்கள் நினைத்தவற்றில், காட்டாடு வேட்டைக்காக பதூக்கள் வெறுங்காலோடு ஏறிப் பழகியிருந்தார்கள். அந்த வழிகளையும் சேர்த்து அவர் எழுதிய கையேடு, உலகெங்கும் இருந்து மலையேறிகளை இங்கே இழுத்தது. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வாதி ரம்மைச் சேர்த்தது. இந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதியின் பரப்பு சுமார் 74,000 ஹெக்டேர். இங்குள்ள பாறைகளில் 25,000 செதுக்கோவியங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிட்டுள்ளது. கஸாலி மலைப்பிளவுக்குள் நுழைந்தால் ஒட்டகம், மனித உருவம், பாதச்சுவடு என்று ஈராயிரம் ஆண்டுப் பழமையான கிறுக்கல்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தொடக்கூடாது.

ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் மழைகூடக் கிடைக்காத இடத்தில் மனிதர்கள் எப்படி இத்தனை காலம் வாழ்ந்தார்கள்? விடை மலைக்குள் இருக்கிறது. மேலே மணற்பாறை, அடியில் கருங்கல். பெய்கிற கொஞ்ச மழையையும் மணற்பாறை உறிஞ்சி உள்ளே இறக்குகிறது. கருங்கல்லில் முட்டிய நீர் மேற்கொண்டு இறங்க வழியின்றி, இரண்டும் சேரும் விளிம்பில் ஊற்றாகக் கசிகிறது. ரம் மலையடிவாரத்தில் பண்டைய அரபு மக்களான நபத்தேயர் கட்டிய கோயிலின் இடிபாடுகள் இருப்பதும், அதன் பக்கத்தில் இன்றைய கிராமம் இருப்பதும் தற்செயல் இல்லை. மலைச்சரிவில் பச்சைக் கோடு தெரிந்தால் அங்கே ஊற்று என்பது வழிகாட்டிகளுக்குப் பால பாடம். வானம் இருண்டால் அவர்கள் குறுகலான மலைப்பிளவுகளுக்குள் யாரையும் அழைத்துப்போக மாட்டார்கள். எங்கோ பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். அவர்கள் வேண்டாம் என்றால் வாதாடாமல் கேட்டுக்கொள்வது நல்லது.

சாயங்காலம், இரவு தங்கும் பாலைவன முகாமுக்குத் திரும்பினால் முதலில் வருவது தேநீர். சர்க்கரை தூக்கலாக, சில சமயம் காட்டு மூலிகை போட்டது. அதன்பின் ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி. ஊற்றுகிறவர் இடக்கையில் கூஜாவையும் வலக்கையில் பிடியில்லாத சின்னக் கோப்பையையும் பிடித்திருப்பார். அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார். கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால்தான் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருளாம். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தர வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்.

இரவுச் சாப்பாடு ‘ஸர்ப்’. மணலில் புதைத்த இரும்புப் பீப்பாய்க்குள் விறகை எரித்துத் தணலாக்கி, அடுக்கடுக்கான கம்பித் தட்டுகளில் ஆட்டுக்கறி, கோழி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் வைத்து உள்ளே இறக்குகிறார்கள். மூடியின்மேல் கம்பளி, அதன்மேல் மணல். நம் ஊர் தம் பிரியாணிக்காரர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். இரண்டு மணி நேரம் கழித்து மணலை விலக்கித் திறக்கிறார்கள். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் காய்கறியும் சோறும் ரொட்டியும் கிடைக்கும்.

காசு வாங்கிக்கொண்டு செய்வது விருந்தோம்பலா என்று சிலர் உதட்டைப் பிதுக்குவதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் குறைவு. பாலைவனத்தில் வழிப்போக்கனுக்கு மூன்று நாள் சோறும் நிழலும் கொடுத்தது, நாளைக்கு நாமும் வழிப்போக்கனாவோம் என்ற கணக்கில்தான். அன்றும் அதில் கைம்மாறு இருந்தது. இன்று அது தினாராக வருகிறது, அவ்வளவே. சந்தேகப்பட வேண்டியது அண்மைக் காலத்தில் முளைத்த ஏசி குமிழிக் கூடாரங்களைத்தான். செவ்வாய்க் கிரகப் படங்கள் இங்கே எடுக்கப்பட்டதை வைத்து விற்பனை செய்யும் குமிழிகள் அவை. பதூப் பெண்கள் நெய்த ஆட்டுமயிர்க் கூடாரம் இவற்றைவிடப் புத்திசாலித்தனமானது. வெயிலில் இழைகளின் இடைவெளி வழியே காற்று போய்வரும். மழை பட்டால் இழை உப்பி இடைவெளி அடைபடும். மின்சாரமே தேவையில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும், கம்பளி உடை கட்டாயம். பெண்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான ‘ஜோர்டான் பாஸ்’ சீட்டு வாங்கியிருந்தால் நுழைவுக் கட்டணம் தனியாக இல்லை. ஜீப் வாடகைக்கும் தங்குமிடத்துக்கும் அது பொருந்தாது. முகாமைப் பதிவு செய்யுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உரிமையாளர் ரம் அல்லது தீசி ஊர்க்காரரா? ஜீப்பில் எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.