வரிக் கணக்குக் கொடுப்பதற்கு ஆகும் செலவு

வருமான வரி என்றவுடன், அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு என்பதையே எல்லோரும் கேட்கின்றனர். அத்தொகையைக் கணக்கிட்டு, படிவத்தை நிரப்பி, உரிய நாளில் சேர்ப்பிப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்பவர் மிகச் சிலரே. ஒரு காசும் வரி செலுத்த வேண்டாத சங்கத்துக்கும் இந்த இரண்டாவது செலவு உண்டு. அதனை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

இது புதிய விஷயமன்று. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், நல்ல வரிக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தார். வரி அவரவர் சக்திக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; இன்னதென்று நிச்சயமாகத் தெரிய வேண்டும்; செலுத்துவோருக்கு வசதியான காலத்தில் வாங்கப்பட வேண்டும்; கஜானாவில் சேரும் தொகைக்கு மேல் மக்களிடமிருந்து வெளியேறும் தொகை இயன்ற அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பன அவை. நாம் இங்கே பேசுவது நான்காவது இலக்கணத்தைப் பற்றியே.

கணக்குக் கொடுக்கும் செலவு மூன்று வகைப்படும். முதலாவது, தணிக்கையாளருக்கும் வரி ஆலோசகருக்கும் கொடுக்கும் கட்டணம். இது ரசீதுடன் வருவதால் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது, சங்கத்தின் காரியதரிசியும் கணக்கரும் இதற்காகச் செலவிடும் நேரம். இதற்குத் தனி ரசீது இல்லை. ஆயினும் நூல் வழங்குவதிலும் சரக்கு விற்பதிலும் செலவாக வேண்டிய நேரமே இவ்வாறு போகிறது. மூன்றாவது, தவறு நேர்ந்துவிடுமோ என்னும் கவலையும், தவறியபின் வரும் அறிவிப்புகளுக்கு விடை எழுதும் அலைச்சலும் ஆகும்.

இங்கிலாந்தில் செட்ரிக் சான்ட்ஃபோர்டு என்னும் பேராசிரியர் இச்செலவை ஆராய்ந்து, 1973-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின் பல நாடுகளில் ஆராய்ந்தவர்களும் கண்ட முக்கியமான உண்மை, இச்சுமை சிறியவர்கள்மீதே விகிதப்படி அதிகமாக விழுகிறது என்பதாகும். இதன் காரணம் எளிது. கணக்குக் கொடுக்க ஆண்டுக்கு ரூ.20,000 செலவாகிறது என்று கொள்வோம். ரூ.20 கோடி விற்பனை உள்ள நிறுவனத்துக்கு இது விற்பனையில் நூற்றில் ஒரு பங்கு சதவிகிதமே. ரூ.20 லட்சம் விற்பனை உள்ள சங்கத்துக்கோ இது முழுதாக ஒரு சதவிகிதம். படிவம் ஒன்றே; சுமக்கும் தோள்தான் வேறு.

நாட்டுக்கு நாடும் இச்செலவு பெரிதும் மாறுபடுகிறது. ஒரு நடுத்தரக் கம்பெனி வரிக் காரியங்களுக்காக ஆண்டில் எத்தனை மணி நேரம் செலவிடுகிறது என்பதை உலக வங்கி பல ஆண்டுகள் கணக்கிட்டு வந்தது. 2020-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் பிரேசில் நாட்டுக்கு ஏறக்குறைய 1,500 மணி நேரம் என்று காணப்பட்டது. விவரங்களில் முறைகேடு கண்டறியப்பட்டதால் 2021-ஆம் ஆண்டில் அவ்வறிக்கை நிறுத்தப்பட்டது. ஆகவே அதன் வரிசைப் பட்டியலை நாம் பெரிதாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் வரிக்காகச் செலவாகும் நேரமும் ஒரு செலவே என்பதை அது பலருக்கும் உணர்த்தியது.

இனி நமது சங்கங்களின் நிலைக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80பி பிரிவு கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சலுகை அளித்தது. குடிசைத் தொழில் நடத்தும் சங்கமும், அங்கத்தினர் விளைவித்த விளைபொருளை விற்றுத் தரும் சங்கமும், அத்தொழிலில் கிட்டும் லாபம் முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அச்சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சலுகை உண்டு.

ஆனால் 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. உரிய நாளுக்குள் கணக்குக் கொடுத்தால்தான் இச்சலுகை கிட்டும் என்பதே அது. இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் லாபம் ரூ.6 லட்சம் என்று கொள்வோம். உரிய நாளில் கணக்குக் கொடுத்து, முழுச் சலுகையும் பெற்றால் வரி இல்லை. நாள் தவறிச் சலுகை மறுக்கப்பட்டால், கூட்டுறவுச் சங்கங்களுக்கான வழக்கமான விகிதப்படி முதல் ரூ.10,000-க்கு 10 சதவிகிதம், அடுத்த ரூ.10,000-க்கு 20 சதவிகிதம், எஞ்சியதற்கு 30 சதவிகிதம் என ரூ.1,77,000 ஆகிறது. 4 சதவிகித மேல்வரி சேர்ந்து ரூ.1,84,080. வட்டியும் தாமதக் கட்டணமும் தனி. தறியில் அமர்ந்து ஈட்டிய லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு தேதி தவறியதால் போய்விடும்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. தணிக்கைக்கு உட்பட்ட சங்கங்களுக்கு வழக்கமான கடைசி நாள் அக்டோபர் 31. மார்ச் 31-இல் ஆண்டு முடிந்தபின் உள்ள ஏழு மாதத்தில், கூட்டுறவுச் சட்டப்படியான தணிக்கையும் முடிந்தாக வேண்டும். தணிக்கை தாமதமானால் கணக்குக் கொடுப்பதும் தாமதமாகிறது. இவ்விதம் நாள் தவறிய சங்கங்களின் மனுக்களைப் பரிசீலித்துத் தாமதத்தை மன்னிக்க, 2018-19 முதல் 2022-23 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூலையில் தலைமை ஆணையர்களுக்கு அதிகாரம் அளித்தது. எனினும் மன்னிப்பு என்பது உரிமையன்று. காரணம் காட்டிப் பெற வேண்டியது. அதனை நம்பிக் காலங்கடத்துவது விவேகமாகாது.

இச்செலவைக் குறைக்க நம்மால் ஆவது என்ன? முதலாவது, அன்றாடக் கணக்கை அன்றே எழுதுதல். பாவில் அறுந்த இழையை அப்போதே முடிந்துவிட்டால் ஒரு நிமிட வேலை. நெய்து முடித்த துணியில் அதனைச் சரிசெய்வது எளிதன்று. கணக்கும் அத்தகையதே. மாதந்தோறும் ரொக்கப் புத்தகத்தை வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டு வைத்தால், தணிக்கையாளரின் வேலையும் கட்டணமும் குறையும்.

இரண்டாவது, வருமானத்தை இனவாரியாகத் தனிப் பேரேட்டில் வைத்தல். வணிக வங்கியில் போட்ட வைப்புத்தொகையின் வட்டி, கடை வாடகை முதலியவை தொழில் லாபத்தைப் போன்ற சலுகை பெறுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டுப் பின்னர் பிரிக்க முயல்வதே வழக்குகளுக்கு வித்து.

மூன்றாவது, வங்கிகள் வட்டியில் பிடித்துக்கொண்ட வரியைக் கவனித்தல். அது வரித் துறையின் பதிவில் சங்கத்தின் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்குக் கொடுத்தால்தான் மிகுதியாகப் பிடித்த தொகை திரும்பக் கிட்டும்.

நான்காவதும் முக்கியமானதும் கூட்டுறவு முறையேயாகும். தனித்தனியே ஒரு நல்ல கணக்கரை அமர்த்த இயலாத ஐந்தாறு சிறு சங்கங்கள், செலவைப் பகிர்ந்துகொண்டு ஒருவரைப் பொதுவாக நியமிக்கலாம். நூலை மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்பதை அறிந்த நமக்கு, இந்த யோசனை புதிதன்று.

தனியே தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்குச் சட்டமே ஓர் எளிய வழியை வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை ரூ.2 கோடிக்கு மேற்படாத வியாபாரி, விற்பனையில் 8 சதவிகிதத்தையும், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ பெற்ற தொகையில் 6 சதவிகிதத்தையும் லாபமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகங்களின் சுமையிலிருந்து விடுபடலாம். வருமானம் இதனினும் கூடுதலாக இருந்தால் கூடுதலையே காட்ட வேண்டும். இச்சலுகை தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்குமே உரியது, சங்கத்துக்கு அன்று.

பழைய சட்டத்தில் 819 பிரிவுகள் இருந்தன. புதிய சட்டத்தில் 536. அரசாங்கம் தன் பங்குக்குச் சட்டத்தைச் சுருக்கியிருக்கிறது. ஆனால் சங்கத்தின் பேரேட்டை அரசாங்கம் எழுதித் தராது. அடுத்த பொதுக்குழுவில் ஆதாயப் பங்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், தணிக்கை எப்போது முடியும், வரிக் கணக்கு எந்நாளில் கொடுக்கப்படும் என்னும் இரண்டு கேள்விகளை அங்கத்தினர்கள் கேட்பார்களாக. ஆதாயப் பங்கு நிலைப்பது அவற்றின் விடையைப் பொறுத்ததேயாகும்.