இராச் செய்தியும் மலைமண்ணும்

பதுளை மலைகளில் மூட்டம் இறங்கி, பசறை வீதியில் வாகன ஒலி அடங்கும் வேளையில், தோட்டத்து லயன்களில் வீட்டுக்கு வீடு ஒரு குரல் கேட்கிறது. அது தொலைக்காட்சியில் இராச் செய்தி வாசிப்பவரின் குரல். அது நம் இல்லம் புகுந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1954 ஜூலை 5-ஆம் நாள் பி.பி.சி. நிறுவனம் தன் முதல் தொலைக்காட்சிச் செய்தியை அளித்தபோது, வாசித்தவரின் முகம் திரையில் தோன்றவில்லை. முகபாவம் செய்தியின் நடுநிலையைக் கெடுக்குமென அஞ்சினார்கள். மறு ஆண்டே அவ்வச்சம் நீங்கிற்று. 1963-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 15 நிமிடச் செய்தியை 30 நிமிடமாக்கியது.

இலங்கையில் 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புப் பகுதிக்கென எழுந்தது. 1982 பெப்ரவரி 15-இல் ஜப்பானின் உதவியுடன் ரூபவாஹினி பிறந்தது. பிதுருதாலகால மலையுச்சியில் நின்ற கோபுரம் நாடெங்கும் படத்தைக் கொண்டுசென்றது. பின்னர் 1998-இல் சக்தியும், 2009-இல் வசந்தமும் தமிழுக்கெனவே வந்தன.

இராச் செய்திக்கு ஓர் ஒழுங்குண்டு. முதலில் தலைப்புகள்; அடுத்து விரிவான செய்திகளும் நிருபர் களத்திலிருந்து தரும் காட்சிகளும்; பிறகு உலகச் செய்தி, விளையாட்டு; பெரும்பாலும் கடைசியில்தான் வானிலை. அந்நேரம் நம்மில் பலர் எழுந்து சோறுண்ணப் போய்விடுகிறோம்.

2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அன்றிரவு நாடே அக்காட்சியைக் கண்டு கலங்கியது. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் என முதலில் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்நிலம் ஆபத்தானதென 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே வாழ்ந்திருந்தனர், மாற்றிடம் கிட்டியிருக்கவில்லை.

இன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக அறிவிக்கிறது. மஞ்சள், விழிப்பாயிரு என்பது. செம்மஞ்சள், புறப்பட ஆயத்தமாகு என்பது. சிவப்பு, உடனே வெளியேறு என்பது. ஊவா மலைமக்களுக்குச் செய்தியின் கடைசி நிமிடமே தலைப்புச் செய்தி.

மாணவச் செல்வங்களே, மழைக்காலத்தில் அந்த ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். கேட்டதைப் பாட்டிக்கும் அடுத்த காம்பிராவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். வெளியேறும் மக்களுக்கு உறுதியான நிலமும் வீடும் அளிப்பது ஆள்வோர் கடன். மலை சரிந்த பின் வரும் செய்தி கண்ணீரையே தரும். சரியுமுன் வரும் செய்தியே உயிர் காக்கும்.