பதிவின் வகையை மாற்றினால் பாஸ்வேர்டு மாறிவிடாது

நாமக்கல்லில் நாலு லாரி ஓட்டும் முதலாளிக்கு இன்று எத்தனை பாஸ்வேர்டு என்று எண்ணிப் பாருங்கள். பரிவாகனுக்கு ஒன்று, பாஸ்டேகுக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று, இ-வே பில்லுக்கு ஒன்று. டீசல் கார்டு, இன்சூரன்ஸ், ஜிபிஎஸ், நெட்பேங்கிங் எல்லாம் தனி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கும், ராசிபுரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கும், சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். முன்பு இவை டைரியின் கடைசிப் பக்கத்திலும், போனில் "ஏடிஎம் மாமா" என்ற பெயரில் நான்கு இலக்க எண்ணாகவும் கிடந்தன. இப்போது பிள்ளைகள் யாராவது பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் போட்டு வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் பதறுகிறது.

பெரும்பாலும் "ஆபீஸ்" என்று ஒரே ஒரு குறிப்பு இருக்கும். முதல் வரியில் நெட்பேங்கிங் யூசர் ஐடி, அதற்கடுத்து அதன் பாஸ்வேர்டு, மூன்றாவது வரியில் ஏடிஎம் பின், கீழே ஜிஎஸ்டி, அதற்கும் கீழே மகன் கல்லூரிக் கட்டண லாகின். இ-வே பில் போட வந்த பையன் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குறிப்பைத் திறந்தால், அவன் கேட்டது ஒன்று, பார்ப்பது எல்லாம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்த லிங்க்கில் கட்டுங்கள்" என்று பரிவாகன் பெயரில் வாட்ஸப்பில் வரும் போலிச் செய்திகள் இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. பாஸ்வேர்டை லாகின் வகைப் பதிவாக, சரியான இணைய முகவரியோடு வைத்திருந்தால், போலிப் பக்கத்தில் மேனேஜர் அதை நிரப்பத் தராது. முகவரி பொருந்தவில்லை என்பது அதற்குத் தெரியும். குறிப்பு வகையில் வைத்திருப்பவரோ தானே காப்பி எடுத்து, தானே கொண்டுபோய்ப் போலிப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார். பூட்டு வாங்கியும் பூட்டாத கணக்கு.

ஆகவே வகையை மாற்றியே ஆகவேண்டும். இணையக் கணக்கெல்லாம் லாகின் வகைக்கு, கார்டு எண் கார்டு வகைக்கு, ஆதார், பான் போன்ற விவரம் அடையாள வகைக்குப் போகட்டும். ஏடிஎம் பின் எந்த வகைக்கும் வேண்டாம். அது மனதில் இருக்கவேண்டிய எண். பின்னால் தகராறு வந்தால், எழுதி வைத்தது உங்கள் கவனக்குறைவு என்று வங்கி உங்கள் பக்கமே திருப்பும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பதிவைத் திறந்து, வகையை மாற்றும் பட்டனைத் தேடுகிறார்கள். பிட்வார்டன் போன்ற மேனேஜரில் புதிய பதிவு தொடங்கும்போது தேர்ந்தெடுத்த வகைதான் கடைசிவரை. போல்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வகையை மாற்ற முடியாது. போல்டர் வேறு, வகை வேறு. கீபாஸில் இருப்பவை குழுக்கள் மட்டுமே என்பதால் பதிவை இழுத்துப் போட்டால் போதும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. பிட்வார்டன் போன்றவற்றில் பத்திரமான வழி ஒன்றுதான்: சரியான வகையில் புதிய பதிவு தொடங்குங்கள், பழையதிலிருந்து ஒவ்வொரு கட்டமாக எடுத்துப் போடுங்கள், புதியதை வைத்து அந்த இணையதளத்தில் ஒருமுறை நுழைந்து பாருங்கள், அதன்பிறகே பழையதை நீக்குங்கள். பிட்வார்டனில் நீக்கியது 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் தவறு தெரிந்தால் மீட்கலாம்.

நீக்கும் முன் நின்று பார்க்கவேண்டியவை சில உண்டு. ஓடிபி உருவாக்கும் ரகசியச் சாவி லாகின் வகையில்தான் இருக்கும். லாகின் பதிவைக் குறிப்பு வகைக்கு மாற்றும்போது அதைத் தனியே எடுக்காவிட்டால், அடுத்த முறை கணக்குக்குள் நுழைய ஆறு இலக்கம் வராது. பழைய பாஸ்வேர்டுகளின் வரலாறும், இணைத்து வைத்த ஆர்சி, இன்சூரன்ஸ் நகல்களும் புதிய பதிவுக்குத் தானாக வராது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாஸ்கீயைக் கையால் காப்பி எடுக்கவே முடியாது. முதலில் அந்தத் தளத்துக்குப் போய்ப் புதிய பாஸ்கீ உருவாக்குங்கள், அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு பழைய பதிவை நீக்குங்கள். திரும்பவும் சொல்கிறேன்: நுழைந்து பார்க்காமல் நீக்காதீர்கள்.

இருநூறு பதிவை ஒவ்வொன்றாக யார் மாற்றுவது என்று சலித்துக்கொண்டு, மொத்தத்தையும் ஒரே பைலாக வெளியே எடுத்து, எக்செல்லில் வகையைத் திருத்தி, மீண்டும் உள்ளே ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். முடியாததல்ல. ஆனால் பிட்வார்டனின் சிஎஸ்வி பைலில் லாகினும் குறிப்பும் மட்டுமே வரும். கார்டும் அடையாளமும் வராது. இணைத்த நகல்களும் வராது. அதைவிடப் பெரிய கேடு, அந்த பைலில் எந்தப் பூட்டும் கிடையாது. உங்கள் எல்லாப் பாஸ்வேர்டும் வெறும் எழுத்தாக, திறந்தவர் எவரும் படிக்கும்படி இருக்கும். அதை ஆடிட்டர் ஆபீஸுக்கு வாட்ஸப்பில் அனுப்பித் "திருத்திக் கொடுங்க" என்பவர்களும், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில் விட்டு வருபவர்களும் உண்டு. மாஸ்டர் பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்திருந்தால் என்ன? கதவைப் பூட்டிவிட்டு வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் அடுக்கிய மாதிரிதான். வெளியே எடுத்தே தீரவேண்டும் என்றால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய வடிவத்தில், சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் எடுங்கள். சிஎஸ்வி வேண்டாம், வாட்ஸப் வேண்டவே வேண்டாம்.

மேனேஜர் மட்டுமே பாதுகாப்புக்கு முழு உத்தரவாதம் அல்ல. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் களவுபோயின. பாஸ்வேர்டுகள் பூட்டியபடிதான் போயின, இணைய முகவரிகள் பூட்டில்லாமலே போயின. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்கே அதில் அதிக ஆபத்து. வண்டி நம்பரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து வைப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவேண்டும்.

பெட்டகத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டோம் என்று நிம்மதியாகிறவர்கள் மறப்பது ஒன்று உண்டு. வகையை மாற்றினால் பாஸ்வேர்டு மாறாது. அந்தக் குறிப்பை ஏற்கனவே பார்த்தவருக்கு, போன மாதம் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளைக்கு, ஆர்டிஓ ஆபீஸ் புரோக்கருக்கு அது இன்னும் தெரியும். ஆகவே பதிவை மாற்றிய கையோடு, அந்தந்தத் தளத்தில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நெட்பேங்கிங்கிலிருந்து தொடங்குங்கள்.

ஜிஎஸ்டியில் இது பலருக்கு முடிவதில்லை. காரணம், பதிவு செய்தபோதே ஆடிட்டரோ புரோக்கரோ தன் போன் நம்பரையும் இமெயிலையும் கொடுத்துவிடுகிறார். ஓடிபி அவருக்கே போகிறது. சண்டை வந்த அன்று தொழில் அவர் கையில். "அவரிடமே கேட்டு வாங்குங்கள்" என்று அலுவலகத்திலும் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திருப்பி அனுப்பவேண்டிய வேலையே இல்லை. இதற்கென்றே ஜிஎஸ்டி அமைப்பில் நடைமுறை இருக்கிறது.

ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்யாமலே, வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் உங்கள் எல்லை அலுவலகம் எது என்று வரும். அது மாநில வணிகவரி வட்டமாகவும் இருக்கலாம், மத்திய ரேஞ்ச் ஆகவும் இருக்கலாம். அந்த அதிகாரியிடம் லெட்டர்பேடில் ஒரு விண்ணப்பம், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பான், ஆதார், கூட்டு நிறுவனமென்றால் பார்ட்னர்ஷிப் பத்திரம், உங்கள் சொந்த போன் நம்பர், சொந்த இமெயில் ஆகியவற்றோடு நேரில் போங்கள். அந்த ஜிஎஸ்டி எண்ணில் உரிமையாளராகவோ கையொப்பமிடும் அதிகாரம் உள்ளவராகவோ உங்கள் பெயர் இருக்கிறதா என்று அவர் தன் திரையில் பார்ப்பார். இருந்தால், ஆவணத்தை ஏற்றி, புது நம்பரையும் இமெயிலையும் பதிந்து, பாஸ்வேர்டை மீட்டமைப்பார். தற்காலிகப் பாஸ்வேர்டு உங்கள் இமெயிலுக்கு வரும். முதல்முறை லாகின் என்ற இணைப்பில் நுழைந்து பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். இழுத்தடித்தால் 1800-103-4786 என்ற ஜிஎஸ்டி உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு மறுபடியும் போங்கள்.

பணமே போய்விட்டது என்றால் வேறெதையும் செய்யுமுன் சைபர் மோசடி உதவி எண் 1930. பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டுவிட்டு அல்ல, திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று அல்ல. 1930-க்கு அழைத்த கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் நடந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. பாஸ்வேர்டை நீங்களே யாருக்காவது கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். சொன்னபிறகு போவது வங்கியின் நஷ்டம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பது இதனால்தான். கவுண்டரில் இருப்பவர் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் செலவில்லாமல் போகலாம்.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கணக்குப்பிள்ளை தெரிந்தவர், சொந்தக்காரர் என்று புகாரே கொடுக்காமல் விடுபவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்று ராத்திரி கடை கட்டியதும் அந்த "ஆபீஸ்" குறிப்பைத் திறந்து, நெட்பேங்கிங் ஒன்றை மட்டுமாவது தனி லாகின் பதிவாக மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.