கையை விட்ட பின்னர் ஓடும் கார்

உங்கள் மகன் சித்திரக்கதைப் புத்தகமொன்றில் மூழ்கிக் கிடக்கிறான். இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் காதில் விழவில்லை. "இதையெல்லாம் வாசித்து என்ன பிரயோசனம்?" என்று கேட்க உங்களுக்கு வாய் துடிக்கிறது. சற்றுப் பொறுங்கள். ஜப்பானில் ஒரு சித்திரக்கதை, அதை வாசித்த பிள்ளைகளின் கைகளில் ஸ்குரூ ட்ரைவரைக் கொடுத்த விதத்தை முதலில் கேளுங்கள்.

கதையிலிருந்து மேசைக்கு

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் தமியா என்றொரு நிறுவனம் உண்டு. மாதிரி வாகனங்களைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்பது அதன் தொழில். நான்கு சில்லுகளையும் மோட்டரே சுழற்றும் சின்னஞ்சிறு கார் ஒன்றை அந்நிறுவனம் 1982இல் அறிமுகப்படுத்தியது. ஜப்பானியர் அதனை 'மினி யொன்கு' என்று அழைப்பர்.

1987இல் 'கொரோகொரோ கொமிக்' என்ற சிறுவர் மாத சஞ்சிகையில் 'டேஷ்! யொன்குரோ' என்ற சித்திரக்கதை தொடங்கியது. கதாநாயகனின் பெயரிலேயே இந்தக் காரின் பெயரும் அடங்கியிருப்பதைப் பாருங்கள்! யொன்குரோ ஓட்டிய 'எம்பரர்' என்ற கார் கதையோடு நின்றுவிடவில்லை. கடைகளுக்கும் பெட்டியாக வந்தது. 1988இல் 'ஜப்பான் கப்' என்ற பெயரில் நாடளாவிய போட்டியும் ஆரம்பமானது.

1994இல் அதே சஞ்சிகையில் இன்னொரு கதை வந்தது. அதன் பெயர் 'லெட்ஸ் அன் கோ'. ரெட்சு, கோ என்று இரு சகோதரர்கள். மூத்தவன் நிதானமானவன், இளையவன் அவசரக்காரன். மூத்தவனின் 'சொனிக் சேபர்' வளைவுகளில் கெட்டிக்காரக் கார். இளையவனின் 'மெக்னம் சேபர்' நேர்பாதையில் சீறிப் பாயும். ஆனால் கடையில் விற்ற பெட்டிகளைத் திறந்து பார்த்தால் இரண்டு கார்களுக்கும் அடித்தளம் ஒன்றே. வெளிக்கூடு மாத்திரமே வேறு. அப்படியானால் ஒன்று வளைவிலும் மற்றது நேர்பாதையிலும் சிறப்பது எப்படி? அது செய்கிறவனின் கையில் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

இந்தக் கார் உண்மையான காரின் 32இல் ஒரு பங்கு. அதாவது 15 சென்ரிமீற்றர் நீளமான மாதிரியை 32ஆல் பெருக்கினால் 4.8 மீற்றர் வரும். ஒரு பெரிய காரின் நீளம் அது. பெருக்கல் கணக்கு பிடிக்காத பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பிடித்துவிடும்.

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் துண்டுகள், ஒரு சிறு மோட்டர், பற்சில்லுகள், இரும்பு அச்சுகள், டயர்கள், ஸ்டிக்கர்கள், படம் போட்ட செய்முறைத் தாள் ஆகியன இருக்கும். பசை தேவையில்லை. துண்டுகளைச் சிறு குறடொன்றால் வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை மட்டமாக்கி, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். வெட்டிய இடத்தில் சிறிது பிசிறு நின்றாலும் பாகங்கள் சரியாக அமராது. அவசரக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதற் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம் பற்சில்லில் இருக்கிறது. மோட்டர் நிமிடத்துக்கு 10,500 தடவை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். மோட்டர் 3.5 தடவை சுழலும்போது சில்லு ஒரு தடவை சுழலும்படி பற்சில்லுகளைப் பொருத்தினால், சில்லு நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும். ஐந்துக்கு ஒன்று என்று பொருத்தினால் 2,100 தடவைதான். முதலாவதில் வேகம் அதிகம், இழுவைப் பலம் குறைவு. இரண்டாவதில் வேகம் குறைவு, மேடேறும் பலம் அதிகம். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. எதைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்று பிள்ளை தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

வேகம் மட்டும் போதாது

கதையில் யொன்குரோ காரோடு கூடவே ஓடி, கையிலுள்ள தடியால் தட்டித் தட்டி அதைத் திருப்புவான். போட்டிப் பாதையில் அது நடவாது. இந்தக் காருக்கு ரிமோட்டும் இல்லை, சுக்கானும் இல்லை. பாதையின் இரு மருங்கிலும் ஐந்து சென்ரிமீற்றர் உயரமான சுவர் இருக்கும். காரின் முன்னும் பின்னும் பொருத்திய சிறு உருளைகள் அந்தச் சுவரில் உராய்ந்து அதைத் திருப்பும். ஆளியைப் போட்டுக் காரைப் பாதையில் விட்டால் அதன் பிறகு யாரும் அதனைத் தொட முடியாது.

ஆகவே வேகமான மோட்டரை வாங்கிப் போட்டுவிட்டு வெற்றி நிச்சயம் என்று இருப்பவனின் கார்தான் முதல் வளைவிலோ மேட்டிலோ சுவரைத் தாண்டி வெளியே பாயும். வெளியே பாய்ந்தால் அந்த ஓட்டம் முடிந்தது. அனுபவசாலிகள் முன் உருளைகளைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்துப் பொருத்துவார்கள். வளைவில் அது காரைக் கீழ்நோக்கி அழுத்தும். அடிப்பாகத்தில் சிறு பஞ்சுத் துண்டொன்றையும் ஒட்டுவார்கள். மேடேறும்போது அது பாதையில் உராய்ந்து வேகத்தைத் தணிக்கும். ஓடுவதற்காகவே செய்த காரில் ஓட்டத்தைத் தணிக்கவும் ஓர் ஏற்பாடு! கடைசிவரை பாதையில் நிற்கும் கார்தான் வெல்லும்.

உங்கள் கை எங்கே?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இப்படியான பெட்டியொன்றை, அல்லது வேறேதும் மாதிரி வாகனத்தை, மகனுக்கோ மகளுக்கோ வாங்கிக் கொடுக்கிறீர்கள். பிள்ளை அச்சைத் தலைகீழாகப் பொருத்துகிறது. பற்சில்லு ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போய்விட்டது. அரை மணித்தியாலமாக முதற் பக்கத்தையே தாண்டவில்லை. "இங்கே கொண்டா, நான் செய்து தாறேன்" என்று உங்கள் கை நீள்கிறது.

வாப்பாமாரே, உம்மாமாரே! அந்தக் கையைச் சற்று மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தால் பத்து நிமிடத்தில் கார் ஓடும். ஆனால் அது உங்கள் காராகத்தான் இருக்கும். வெளியே பாய்ந்த காரைக் கையில் எடுத்து, "ஏன் பாய்ந்தது?" என்று பிள்ளை தன்னைத் தானே கேட்க வேண்டுமானால், அதைப் பூட்டியதும் அந்தப் பிள்ளையாகவே இருக்க வேண்டும். பிறர் செய்து கொடுத்த கார் பாய்ந்தால் பிள்ளை அழும். தான் செய்தது பாய்ந்தால் கழற்றிப் பார்க்கும்.

உங்களுக்கும் வேலை இல்லாமலில்லை. கூர்மையான குறட்டைப் பாவிக்கும்போது பக்கத்தில் இருங்கள். சிறு துண்டுகள் கைக்குழந்தையின் வாய்க்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பற்றரியையும் புதிய பற்றரியையும் சேர்த்துப் போட விடாதீர்கள். மீதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பிழையாகப் பொருத்தட்டும், கழற்றட்டும், மறுபடி பொருத்தட்டும்.

பாதையில் விட்ட காரைப் பின்னால் ஓடிப்போய்த் திருப்ப முடியாது என்று பார்த்தோம். நம் பிள்ளைகளும் ஒருநாள் நம் கையை விட்டுப் போகத்தான் போகிறார்கள். அன்று கூடவே ஓடித் தட்டித் திருப்ப நம்மிடம் தடி இருக்காது. மேசையில் அவர்களோடு இருந்த வேளையில் எதைப் பழக்கினோமோ, அதுதான் அவர்களை வளைவில் திருப்பும்.

இப்போது மகனை மீண்டும் ஒரு தடவை கூப்பிடுங்கள். "அந்தக் கார் எப்படி ஓடுது மகன்?" என்று கேளுங்கள். நிச்சயம் காதில் விழும்.