எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது?

காலையில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்த பிறகு, அது நின்ற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் தெரிகிறதா? வீட்டில் பழைய புல்லட் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. "பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த எண்ணெய் பின்சக்கர டயரில் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும். எண்ணெய் குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். ஆகவே காரணத்தைத் தேடத்தான் வேண்டும். இது ஒரு துப்பறியும் வேலை!

இரும்பு சிலிண்டர் கொண்ட 350 புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான இந்த வண்டி, 1955-இல் தொடங்கிய ஒரு கூட்டு நிறுவனத்தின் மூலம் சென்னைக்கு வந்தது. அந்தப் பழைய எஞ்சின் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அது பொருத்திய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இதில் எண்ணெய் மூன்று இடங்களில் தனித்தனியாக இருக்கிறது: எஞ்சின், இடப்பக்கத்துச் செயின் பெட்டி, கியர் பெட்டி. ஒழுகியதை விரலில் தொட்டுப் பாருங்கள். கரி கலந்து கருத்திருந்தால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். கிரீஸ் போலக் கொழகொழவென்று இருந்தால் கியர் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

சொட்டும் இடமே ஒழுகும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் மேலிருந்து வழிந்து வரும். ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கடைசியில் எது மிகத் தாழ்வான போல்ட்டோ அதன் நுனியில் சொட்டும். குற்றவாளி மேலேயும் முன்னேயும் இருப்பான்.

அவனைப் பிடிக்க முகப்பவுடர் போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பெரியவர் ஒருவர் வண்டியைத் திறந்தவெளியில் பத்து நிமிடம் ஓடவிடட்டும். சூடானால் எண்ணெய் நீர்த்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் தெரியாத கசிவும் அப்போது தெரியும். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே ஈரக்கோடு விழுகிறதோ, அங்கேதான் கசிவு.

உடனே பேக்கிங்கை மாற்றிவிடலாமா? பொறுங்கள். எண்ணெயை வெளியே தள்ளுவது யார் என்று பார்க்க வேண்டாமா?

புல்லட் சிலிண்டரின் விட்டம் 7 செ.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 9 செ.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 346 கன செ.மீ. வரும். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கீழே உள்ள கிராங்க் அறையில் அவ்வளவு இடம் குறைகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை! நெருக்கப்பட்ட காற்று வெளியேற மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. பல வண்டிகளில் அதன் நுனியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அலகு திறந்து காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும். எண்ணெயும் உள்ளேயே தங்கும்.

ரப்பர் முதுமையில் விறைத்து ஒட்டிக்கொண்டால்? ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கத்தில் ஊசியால் துளையிடுங்கள். வாயைத் திறந்து வைத்து மெதுவாக அமுக்கினால் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். மூடியைத் திருகிவிட்டு அமுக்குங்கள். பீய்ச்சி அடிக்கிறதல்லவா? மூச்சுக்குழாய் அடைத்த எஞ்சினும் இப்படித்தான். புதுப் பேக்கிங் போட்டாலும் எண்ணெய் வேறொரு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயுவும் கீழே இறங்கிச் சேர்ந்துகொள்ளும். அப்போது நல்ல மூச்சுக்குழாய்கூடத் திணறும். எனவே முதல் சோதனை மூச்சுக்குழாய், பேக்கிங் பிறகு.

இன்னொரு காரணம் நம் கைகளே. கல்லூரி நாட்களில் என் வண்டியின் செயின் பெட்டியில் கசிவு வந்தது. அந்தப் பெரிய அலுமினிய மூடியை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. நான் ஸ்பேனரைப் போட்டுப் பலம் கொண்டமட்டும் இறுக்கினேன். கசிவு இரட்டிப்பானது! மெக்கானிக்கிடம் போனேன்.

"இறுக்குனீங்களா, தம்பி?"

"ஆமாண்ணே, நல்லாவே இறுக்கினேன்."

அவர் சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்தார். விளிம்புக்கடியில் ஒரு தாளை நுழைத்தார்; இரண்டு இடங்களில் தாராளமாக உள்ளே போயிற்று. நடுப்பகுதி அமுங்க, விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து, சொட்டு எண்ணெய் விட்டு, மூடியை எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பளபளத்த பிறகுதான் நிறுத்தினார். தூளைச் சுத்தமாகக் கழுவி, புதிய ரப்பர் வளையம் வைத்து, சின்ன ஸ்பேனரால் அளவாக இறுக்கினார்.

மறுநாள் காலை வண்டியடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டும் இல்லை. கூலியில் பாதி தேய்த்ததற்கு. மீதி, நான் முறுக்கிக் கெடுத்த நட்டை மாற்றியதற்கு.